"வேலை செய்யலை" என்றால் போதாது



2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் உங்களில் பலர் பயன் பெற்றீர்கள். விண்டோசுடன் 'பாஸ் லினக்ஸ்' என்று ஒன்றும் அதில் இருந்ததே, நினைவிருக்கிறதா? சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் அது. இலவசம் என்பது மட்டுமல்ல, அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். பயர்பாக்ஸ், வி.எல்.சி., லிப்ரெஆபிஸ் எல்லாம் இந்த வகைதான்.

"எனக்கு புரோகிராம் எழுதத் தெரியாதே சார்" என்பீர்கள். தேவையில்லை. பிழையைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால் போதும்.

'தொப்பூர்' என்று தட்டும்போது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியே பிரிந்து நின்றால், எங்கோ ஜெர்மனியில் இருக்கும் நிரலாளருக்கு அது தவறு என்றே தெரியாது. தமிழ் படித்த நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிழை அப்படியே கிடக்கும். "கம்ப்யூட்டர்ல தமிழ் சரியா வராது" என்று நம் பேரப்பிள்ளைகள் ஒதுங்கிவிடுவார்கள்.

சொல்லும் முறை எளிது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் இணையத்தில் பிழைப் பதிவேடு உண்டு. முதலில், அதே பிழையை வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். இல்லையென்றால் எழுதுங்கள்: எந்தப் பதிப்பு, என்ன செய்தேன், என்ன வர வேண்டும், என்ன வந்தது. திரையைப் படம் எடுத்துச் சேருங்கள். அதில் ஆதார் எண், கைப்பேசி எண் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பதிவில் ஒரு பிழை மட்டும். வெறுமனே "வேலை செய்யலை" என்பது, டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது போல. பதில் தாமதமானால் கோபப்படாதீர்கள். அங்கே பலர் சம்பளமில்லாமல் உழைக்கிறார்கள்.

வேறு வழிகளும் உண்டு. பட்டியல்களில் வரும் சொற்களைத் தமிழில் பெயர்க்கலாம். மொசில்லாவின் 'காமன் வாய்ஸ்' திட்டத்துக்குத் தமிழ் வாக்கியங்களைப் படித்துக் குரல் தரலாம். இதையெல்லாம் தமிழிலேயே கற்க 2012 முதல் 'கணியம்' மின்னிதழ் இருக்கிறது.

ஓசூரிலும் பெங்களூரிலும் கணினி வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பதிவேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பென்னாகரத்திலோ அரூரிலோ இருக்கும் உங்கள் அக்கா, சித்தப்பா "தமிழ் எழுத்து உடைஞ்சு வருது" என்றால், "அது அப்படித்தான்" என்று தள்ளிவிடாதீர்கள். கேட்டு, அவர்களுக்காக நீங்கள் எழுதி அனுப்புங்கள். பத்து நிமிட வேலை. பிழை நீங்கினால் தமிழில் எழுதும் எல்லோருக்கும் பயன்.