ஆசிரியபீடம் இல்லாத எழுத்து

2017 ஆம் ஆண்டு ஒக்டோபர் 16 ஆம் திகதி பிற்பகல் 2.35 மணிக்கு, மோல்டாவின் பிட்னியா என்ற சிற்றூரில் ஒரு பெண் தமது வலைப்பதிவில் ஒரு குறிப்பை ஏற்றினார். எங்கு பார்த்தாலும் மோசடிக்காரர்களே தென்படுகிறார்கள், நிலைமை கைமீறிவிட்டது என்ற பொருளில் அக்குறிப்பு முடிந்திருந்தது. அரைமணி நேரத்துக்குள் அவர் வங்கிக்குப் புறப்பட்டார். வீட்டுக்கு அண்மையிலேயே அவரது கார் குண்டுவெடிப்பில் சிதறியது. டஃப்னி கருவானா கலிசியாவுக்கு அப்போது வயது 53.

ஐரோப்பாவில் வலைப்பதிவுகள் அரசியலை மாற்றுமா என்று ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக விவாதித்து வருகிறார்கள். மாற்றும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எத்திசையில் மாற்றும், அந்த மாற்றத்தின் சுமை எவர் தலையில் விழும் என்பவையே என் கேள்விகள். மோல்டாவும் அதன் அயல்நாடான இத்தாலியும் இக்கேள்விகளுக்கு நேரெதிரான இரு விடைகளைத் தருகின்றன.

மோல்டா, அப்போது ஐந்து இலட்சத்துக்கும் குறைவான மக்களைக் கொண்டிருந்த தீவு. அங்கு தொழிற்கட்சி, தேசியவாதக் கட்சி ஆகிய இரு பெரும் கட்சிகளும் சொந்தமாகத் தொலைக்காட்சியும் வானொலியும் நடத்துகின்றன. அரச ஒளிபரப்பு ஆட்சியிலிருப்போரின் மனங்கோணாமல் நடந்துகொள்கிறது என்பது நெடுநாளையக் குறைபாடு. சுயாதீனப் பத்திரிகைகள் சில உண்டு. ஆயினும் சிறிய நாடொன்றில் விளம்பரம் தருபவரும் அமைச்சரின் நண்பரும் பத்திரிகை முதலாளியின் உறவினரும் ஒரே திருமண வீட்டில் சந்தித்துக்கொள்வார்கள். அதன் விளைவை இலங்கையில் பத்திரிகைத் தொழில் பார்த்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

டஃப்னி பத்திரிகையில் வளர்ந்தவர். 1987 முதல் பத்திரிகையில் எழுதியவர். இறக்கும் வரை அதனைக் கைவிடவுமில்லை. 2008 இல் வலைப்பதிவு தொடங்கியபோது, பத்திரிகையில் இடம்பெறாதவற்றுக்கு ஓர் இடம் கிடைத்தது. சில நாட்களில் அதன் வாசகர் தொகை நாட்டின் பத்திரிகைகள் அனைத்தினதும் கூட்டு விற்பனையை விஞ்சியதாகக் கூறப்பட்டது. பனாமா ஆவணங்கள் 2016 ஏப்ரலில் உலகுக்குத் தெரியவந்தன. அமைச்சர் கொன்ராட் மிஸ்ஸியும் பிரதமரின் பிரதம அலுவலர் கீத் ஷெம்ப்ரியும் இரகசிய நிறுவனங்களை வைத்திருந்ததை அவர் அதற்கு முன்னரே, பெப்ரவரியில் எழுதிவிட்டார்.

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவரது நையாண்டி சில வேளைகளில் தனிமனிதரின் தோற்றத்தையும் குடும்பத்தையும் தொட்டது. எக்ரான்ட் என்ற பனாமா நிறுவனம் பிரதமரின் மனைவிக்கு உரியது என்று அவர் எழுதினார். அதற்கு ஆதாரம் இல்லையென நீதவான் விசாரணை 2018 இல் முடிவு கூறியது. நான் தொழில் பழகிய காலத்தில், செய்தி ஆசிரியரின் மேசையிலிருந்து என் பிரதி மூன்று முறை திரும்பி வந்த நாட்கள் உண்டு. “இதை யார் சொன்னது? வேறு யாரிடம் கேட்டாய்?” என்பார். அன்று எரிச்சலாக இருந்தது. அப்படி ஒருவர் அருகில் இருப்பது எத்தகைய பேறு என்பது பின்னரே விளங்கிற்று. தனித்து எழுதுபவருக்கு அந்த மேசை இல்லை.

அவருக்கு இல்லாதிருந்தது அது மட்டுமன்று. பத்திரிகை நிறுவனமொன்றின் சட்டத்தரணியும் நிதியும் அந்த வலைப்பதிவுக்குப் பின்னால் இருக்கவில்லை. இறக்கும்போது அவர் மீது நாற்பதுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் இருந்தன. 2017 பெப்ரவரியில், அமைச்சர் ஒருவர் தொடுத்த வழக்கை அடுத்து அவரது வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. வீட்டுக்குத் தீ வைக்கும் முயற்சிகளும் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே நடந்திருந்தன. அவர் இறந்த பின்னரும் வழக்குகள் ஓயவில்லை. பல, அவரது குடும்பத்தினர் தலையில் இறங்கின.

இனி இத்தாலிக்கு வருவோம். பெப்பே கிரில்லோ ஒரு நகைச்சுவைக் கலைஞர். 1986 இல், பிரதமர் கிராக்ஸியின் சோசலிசக் கட்சியை அரச தொலைக்காட்சியில் கேலி செய்ததால் திரையிலிருந்து ஒதுக்கப்பட்டார். 2005 ஜனவரியில் அவர் வலைப்பதிவு தொடங்கினார். நாட்டின் மூன்று பெரும் தனியார் அலைவரிசைகளின் சொந்தக்காரரான பெர்லுஸ்கோனியே அப்போது பிரதமர். மக்கள் வேறொரு குரலைத் தேடியதில் வியப்பில்லை. குற்றவாளிகளெனத் தீர்ப்பளிக்கப்பட்டோர் பாராளுமன்றத்தில் அமரக்கூடாது எனக் கோரி, 2007 செப்டெம்பர் 8 ஆம் திகதி நகரங்களெங்கும் கூடியவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளை இட்டனர். 2009 இல் அந்த வலைப்பதிவு ஐந்து நட்சத்திர இயக்கம் என்ற கட்சியாயிற்று. 2018 தேர்தலில் அது தனிப்பெருங்கட்சியாகி ஆட்சியிலும் அமர்ந்தது.

இதுவரை கேட்டால் எளியவரின் வெற்றிக்கதை போலவே இருக்கும். ஆனால் 2013 டிசெம்பரில் அதே வலைப்பதிவு, தன்னை விமர்சித்த பத்திரிகையாளர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வாசகர்முன் நிறுத்தும் பகுதியொன்றைத் தொடங்கியது. 2017 இல் ஜெனோவா நகரின் மேயர் வேட்பாளராக உறுப்பினர்கள் இணையத்தில் தெரிவுசெய்தவர் கிரில்லோவுக்கு உவப்பானவராக இல்லை. என்னை நம்புங்கள் என்று கூறி அந்தத் தெரிவையே அவர் இரத்துச் செய்தார். வாசகர் அனைவரும் சமம் என்று தொடங்கிய இடத்தில் இறுதிச் சொல் ஒருவருக்கே உரியதாயிற்று. 2024 இன் இறுதியில் அக்கட்சியின் உறுப்பினர்களே வாக்களித்து, அவர் வகித்த காப்பாளர் பதவியை ஒழித்தனர்.

இருவரும் ஒரே கருவியையே கையில் எடுத்தனர். ஊடகங்கள் தம் கடமையில் தவறிய வெற்றிடத்திலேயே இருவரும் எழுந்தனர். ஒருவர் அதிகாரத்துக்கு எதிரே நின்று கேள்வி கேட்டார். மற்றவர் அதிகாரத்தை அடைந்ததோடு, கேள்வி கேட்பவர்களையே எதிரிகளாகக் காட்டினார். ஆகவே, வலைப்பதிவு ஜனநாயகத்தை வளர்க்கும் என்பாரும் அழிக்கும் என்பாரும் கருவியைப் பார்க்கிறார்களேயன்றி, அதை எடுத்தவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பார்ப்பதில்லை.

எம் தொழிலைச் சேர்ந்தவர்களிடம் எனக்கொரு மனக்குறை உண்டு. “வெறும் வலைப்பதிவர்” என்று சொல்லி ஒருவரை ஒதுக்கிவிடுகிறோம். டஃப்னி கொலையுண்ட பின்னர் 15 நாடுகளின் 18 ஊடக நிறுவனங்களைச் சேர்ந்த 45 பத்திரிகையாளர்கள் ஒன்றுசேர்ந்து அவரது புலனாய்வுகளைத் தொடர்ந்தனர். 2018 ஏப்ரலில் அவற்றை வெளியிடத் தொடங்கினர். போற்றத்தக்க பணி. ஆனால் அந்த 45 பேரில் ஐவரேனும் அவர் உயிரோடிருந்தபோது அருகில் நின்றிருந்தால், அவரை மட்டும் கொன்றால் போதும் என்று எவரும் கணக்கிட்டிருக்க முடியாது. அவர் எழுதியவற்றில் பிழை இருந்திருப்பின், அதுவும் முன்கூட்டியே திருத்தப்பட்டிருக்கும்.

மோல்டாவில் நீதி மெல்லவேனும் நகர்ந்தது. 2019 இல் மக்கள் வீதியில் இறங்கியதால் பிரதமர் ஜோசப் மஸ்கட் பதவி துறக்க நேர்ந்தது. தண்டனை அச்சமற்ற ஒரு சூழலை உருவாக்கியதன் மூலம் அரசே இக்கொலைக்குப் பொறுப்பாகிறது என்று, மூன்று நீதிபதிகள் கொண்ட விசாரணைக்குழு 2021 ஜூலையில் அறிவித்தது. குண்டு வைத்த சகோதரர் இருவருக்கு 2022 இல் தலா 40 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் தமது வீட்டில் கொல்லப்பட்டு கால் நூற்றாண்டாகியும் எவரும் தண்டிக்கப்படாத நாட்டிலிருந்து நோக்கும்போது, இது பெரிதாகவே தெரிகிறது.

எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. பத்திரிகையாளரை வாயடைக்கத் தொடுக்கப்படும் வழக்குகளுக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஏப்ரலில் ஒரு பணிப்புரையை நிறைவேற்றியது. அதனை டஃப்னியின் சட்டம் என்றே அழைக்கிறார்கள். ஆனால் அது எல்லை கடந்த வழக்குகளையே காப்புக்குள் கொண்டுவருகிறது. உள்நாட்டு வழக்குகள் அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளன. டஃப்னியை அலைக்கழித்த வழக்குகளிலோ பெரும்பாலானவை உள்நாட்டு வழக்குகள். அவரது பெயரைத் தாங்கிய சட்டம், அவர் இன்று உயிரோடிருந்தால் அவரையே முழுமையாகக் காத்திராது.