தூக்குமேடையும் கிஸாஸும்

1976 ஜூன் 23-க்குப் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படாமையே நம் சாய்ந்தமருதுத் தெருக்கள்வரை போதைவஸ்து பரவியமைக்குக் காரணமென்றும், கொலைக்கு ஈடான தண்டனையை வகுக்கும் இஸ்லாமிய நியதியான கிஸாஸை ஏற்ற முஸ்லிம்கள் தூக்குமேடையை எதிர்ப்பது மார்க்க விரோதமென்றும் வாதிக்கும் நண்பர், கொலையுண்டவனின் வாரிசுகளுக்கு மன்னிக்கும் உரிமையை அளித்து அம்மன்னிப்பையே மேலானதாகப் போற்றும் அந்நியதியை, மன்னிப்பதற்கு வாரிசு எவருமில்லாத போதைவஸ்துக் குற்றத்துக்குச் சான்றாக்குகிறார். 2019-இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கையொப்பமிட்டதாக அறிவித்த நான்கு மரண உத்தரவுகளும் அத்தகைய குற்றங்களுக்கானவையே. உயர் நீதிமன்றம் அவற்றை இடைநிறுத்தியது, நன்றே செய்தது.

கொலை வழக்கிலேனும் அவர் வாதம் நிற்குமா? மூதூர் ரிஸானா நபீக், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டுடன் வறுமையின் நிமித்தம் சவூதிக்குப் போய், பிறப்புச் சான்றிதழின்படி பதினேழு வயதிலேயே ஒரு சிசுவின் மரணத்துக்காகக் கைதாகி, தகுதியான மொழிபெயர்ப்பாளரின்றிப் பெறப்பட்டதும் பின்னர் அவள் மறுத்ததுமான வாக்குமூலத்தின் பேரில், 2013 ஜனவரி 9-இல் சிரச்சேதம் செய்யப்பட்டாள். சந்தேகம் எழுமிடத்துத் தண்டனையைத் தவிர்க்கச் சொல்லும் பிக்ஹு (இஸ்லாமியச் சட்டவியல்) விதி அவளுக்கு ஏன் உதவவில்லை? பணம் படைத்தவன் திறமையான சட்டத்தரணியை அமர்த்தித் தப்ப, ஏழையின் கழுத்தே கயிற்றுக்கு எஞ்சும் என்பதை அறிந்தும், அந்தக் கயிற்றை மீண்டும் கேட்க நண்பருக்கு எப்படி மனம் வருகிறது?