சொகுசுக் காரும் கடைக் கணக்கும்

2025 பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டதிலிருந்து, நமது வியாபாரிகள் நான்கு பேர் கூடினால் கார்ப் பேச்சுத்தான். 2020 மார்ச்சில் போடப்பட்ட தடை ஏறக்குறைய ஐந்து வருடங்கள் நீடித்தது. அந்தக் காலத்தில் பழைய காரையே ஓட்டிச் சமாளித்தவர்கள் இப்போது நல்லதாக ஒன்று வாங்க நினைப்பதில் தவறேதும் இல்லை. ஹலாலாக உழைத்த பணத்தில் நல்ல வாகனம் வாங்குவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கிண்ணியாவிலும் மூதூரிலும் திருமலை நகரிலும் சில சகோதரர்கள் பி.எம்.டபிள்யூ., பென்ஸ் என்று அதிவேக சொகுசுக் கார்களின் ஒப்ஷன் பட்டியலைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு ஆலோசனை கேட்கும்போது, சில கணக்குகளைப் பகிரங்கமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

முதலில் இந்த ரகக் கார் என்ன என்று பார்ப்போம். உதாரணத்துக்கு பி.எம்.டபிள்யூ. எம் 5. 1985இல் முதன்முதலாக வந்தபோது அதன் எஞ்சின் 286 குதிரைவலு. 2005இல் வந்தது பத்து சிலிண்டர் எஞ்சினுடன் 507 குதிரைவலு. 2024இல் வெளியானது பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து 727 குதிரைவலு. எடை மட்டும் 2,400 கிலோவுக்கு மேல். இதன் வேகத்தை மணிக்கு 250 கிலோமீற்றரில் கம்பனியே கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. மேலதிகப் பணம் கொடுத்தால் 305 வரை திறந்து விடுவார்கள். அதுவும் ஒரு ஒப்ஷன்.

நமது நாட்டில் அதிவேகப் பாதையிலேயே எல்லை 100. ஊருக்கு வெளியே சாதாரண வீதியில் 70, ஊருக்குள் 50. திருகோணமலைக்கு அதிவேகப் பாதையே இல்லை. ஹபரணை, கந்தளாய் வழியாக வரும் வீதியில் இரவில் யானையும் மாடும் குறுக்கே வரும். அங்கே 305 எதற்கு? காசு கொடுத்து வாங்கும் பொருளைப் பாவிக்க இடமில்லாவிட்டால் அது நமது கடையில் விற்காமல் கிடக்கும் சரக்கைப் போன்றதுதான்.

அடுத்தது வரிக் கணக்கு. பலர் கவனிக்காத இடம் இது. 2025 ஜனவரியில் வந்த வர்த்தமானியின்படி பெற்றோல் காரின் துறைமுகப் பெறுமதி 50 இலட்சம் ரூபாவைத் தாண்டினால், தாண்டிய தொகைக்குச் சொகுசு வரி 100 சதவீதம். 2025இல் சுங்கத் தீர்வை 20 சதவீதமாகவும், மேலதிகக் கட்டணம் அந்தத் தீர்வையில் பாதியாகவும் இருந்தன. பெரிய காரின் அடிப்படை விலையே அந்த எல்லையைக் கடந்துவிடும் என்பதால், அதன் பிறகு சேர்க்கும் ஒவ்வொரு ஒப்ஷனும் முழுமையாகச் சொகுசு வரிக்குள் விழுகிறது. பத்து இலட்சம் ரூபாவுக்கு ஒப்ஷன் சேர்த்தால் தீர்வை 2 இலட்சம், மேலதிகக் கட்டணம் 1 இலட்சம், சொகுசு வரி 10 இலட்சம். ஆக 23 இலட்சம். 18 சதவீத வற் வரி இதற்கு மேல். வீதங்கள் மாறக்கூடியவை, ஓடர் கொடுக்கும் நாளில் சுங்க முகவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனாலும், "அங்கே விலை குறைவுதானே" என்று சொல்லி ஒப்ஷன் சேர்ப்பவர் இங்கே இரண்டு மடங்குக்கு மேல் கட்டுகிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். காற்றுப் பையில் நிற்கும் சஸ்பென்ஷன் ஓட்டத்துக்குச் சுகம்தான். ஆனால் அந்தப் பை ரப்பர். சில வருடங்களில் வெடிப்பு விட்டுக் காற்றுக் கசியும். பழுது பார்க்கக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். கண்ணாடிக் கூரை பார்க்க அழகு. அதன் ஓரத்தில் தண்ணீர் இறங்கும் சிறு குழாய்கள் இலை, தூசியால் அடைபட்டால், ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் நமது மாரி மழை காருக்குள் இறங்கும். ரன்பிளாட் டயர் காற்றுப் போன பின்னும் சுமார் 80 கிலோமீற்றர் ஓடும் என்கிறார்கள். சரி; ஆனால் அத்தகைய கார்களில் பெரும்பாலும் ஸ்பெயார் சில்லு இருப்பதில்லை. புல்மோட்டைப் பக்கம் டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் அந்த அளவு டயரை எந்தக் கடையில் தேடுவது?

குளிர்நாட்டுக்கென்று செய்த வசதிகளும் பட்டியலில் வரும். ஆசனத்தைச் சூடாக்கும் வசதி திருமலை வெயிலில் யாருக்கு? 2022இல் சில நாடுகளில் அதை மாதச் சந்தாவுக்கு விற்றுப் பார்த்த பி.எம்.டபிள்யூ., வாடிக்கையாளர்களின் எதிர்ப்புக்குப் பின் 2023இல் கைவிட்டது. ஆசனத்துக்குக் காற்று விடும் வசதி நமக்குப் பொருத்தம். அதைக் கேட்கலாம். ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் கார் என்றால் இன்னொன்று: அதிலுள்ள வழிகாட்டிப் படம் ஜப்பானின் படம், இங்கே உதவாது. வானொலியின் பண்பலை அலைவரிசையும் அங்கே 76இல் தொடங்குவது. நமது நிலையங்கள் 88 முதல் 108 வரை. இவற்றை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

எரிபொருளை எடுத்துக்கொள்வோம். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாமும் 2022இல் வரிசையில் நின்றோம். அப்போது கியூ.ஆர். முறையில் காருக்குக் கிடைத்தது வாரத்துக்கு 20 லீற்றர். லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடும் பெரிய எஞ்சினுக்கு அது 120 கிலோமீற்றர். கொழும்பு சுமார் 260. தம்புள்ளையைத் தாண்டியதும் தாங்கி காலி. சிறிய ஹைபிரிட் வைத்திருந்தவர் அதே 20 லீற்றரில் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தார். அப்படி ஒரு காலம் திரும்பி வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இவ்வளவு சொன்னதால் எல்லா ஒப்ஷனும் வீண் என்று பொருளில்லை. உயிரைக் காக்கும் வசதிக்குக் கொடுக்கும் காசு வீண்விரயமாகாது. எல்லா ஆசனத்துக்கும் எயார்பேக், தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி, சறுக்கலைத் தடுக்கும் வசதி, நல்ல முன்விளக்கு ஆகிய நான்கையும் விடக் கூடாது. இவற்றில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் பணக்காரரின் ஒப்ஷனாகத்தான் இருந்தன. ஏ.பி.எஸ். பிரேக் 1978இல் பென்ஸின் எஸ் ரகக் காரில் வந்தது. இன்று சாதாரணக் காரிலும் இருக்கிறது. தானாகப் பிரேக் பிடிக்கும் தொகுதியை டொயோட்டா 2015 முதல் தனது சாதாரண ரகங்களிலும் பொருத்தி வருகிறது. ஆகவே கொஞ்சம் பொறுத்திருப்பவருக்கு இன்றைய சொகுசு நாளை குறைந்த விலையில் வந்து சேர்கிறது.

"பெரிய கார் இருந்தால்தான் கொழும்பில் மதிப்பு" என்று சிலர் வாதிடுகிறார்கள். எனது அனுபவத்தில், புறக்கோட்டையில் நமக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுப்பவர் வாசலில் நிற்கும் காரைப் பார்ப்பதில்லை. கொடுத்த காசோலை தவணைக்கு மாறியதா என்றுதான் பார்க்கிறார். மதிப்பு என்பது அங்கே இருக்கிறது.

நமது பகுதியின் வருமானம் மாதச் சம்பளம் போன்றதல்ல. மாரியில் கடல் கொந்தளித்தால் மீன் குறையும், நிலாவெளிக்கு ஆள் வராது. பெரும்போக நெல் அறுவடையானால்தான் கந்தளாய், கிண்ணியாக் கடைகளில் காசு புரளும். ஆனால் லீசிங் தவணையோ, இஸ்லாமிய முறையிலான வாகன வாடகைத் தவணையோ பருவம் பார்த்து வராது. மாதா மாதம் வரும். கையிருப்பைக் காரில் போட்டுவிட்டால், சரக்கு மலிவாகக் கிடைக்கும் நேரத்தில் வாங்கக் காசு இருக்காது. பிறகு சரக்கை வட்டிக்கோ தூர தவணைக்கோ எடுக்கும் நிலை வரும். நல்லாக நடந்த கடைகள் தளர்ந்தது பெரும்பாலும் இப்படித்தான்.

எனவே வாங்க நினைக்கும் சகோதரர்கள் ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போடட்டும். உயிரைக் காப்பது ஒன்று; தினமும் பாவிப்பது இரண்டு; பிறருக்குக் காட்டுவதற்கு மட்டுமானது மூன்று. மூன்றாவது கட்டத்தில் விழுந்தவற்றின் விலையை வரியோடு கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைக்குக் கடையில் எத்தனை மாதச் சரக்கு நிறையும் என்று கணக்கிடுங்கள். அதன் பிறகும் மனம் கேட்டால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் அந்தக் கூட்டலைச் செய்யாமல் முற்பணம் கட்ட வேண்டாம்.