லடாக் கிடக்கட்டும், பூதப்பாண்டி வரை போயிட்டு வாங்க

நீளமான இழை இது. ஒரு சாயா எடுத்துட்டு வந்து உட்கார்ந்து படிங்க.

மூணு வருஷத்துக்கு முன்னாடி. இருபத்துநாலு மணி நேர டூட்டி, ராத்திரி ரெண்டு மணி இருக்கும். வார்டுக்குப் புதுசா ஒரு பிபி மெஷின் வந்திருந்தது. சரியா காட்டுதான்னு பார்க்க சிஸ்டர் என் கையில கட்டினாங்க. 152/98. மெஷின் கேடுன்னு நான் சொன்னேன். பழைய மெஷினை எடுத்துட்டு வந்து பார்த்தாங்க. 150/96.

எனக்கு அப்போ 33 வயசு. அன்னைக்குக் காலை ஓபியில மட்டும் குறைஞ்சது நூறு பேருக்கு "டெய்லி நடங்க, உப்பைக் குறைங்க"ன்னு சொல்லியிருப்பேன். சொன்னவன் வடசேரியில வீட்டு வாசல்ல பைக் எடுத்து, ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கி, நாள் முழுக்க நாற்காலியில இருந்துட்டு, அதே பைக்கில வீடு திரும்புற ஆளு. ரெண்டு வாரம் விட்டு விட்டுப் பார்த்தும் பிபி இறங்கல. மாத்திரை ஆரம்பிச்சேன். இப்பவும் சாப்பிடுறேன், டோஸ் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். சைக்கிள் மிதிச்சு மாத்திரையைத் தூக்கி எறிஞ்சேன்னு கதை விட மாட்டேன். நீங்களும் டாக்டரைக் கேக்காம எறியாதீங்க.

பிபி வந்ததும் படிச்சவன் என்ன செய்வான்? போனை எடுத்துத் தேடுவான். நானும் தேடினேன். மவுண்டன் பைக் எண்பதாயிரம். மலையேறும் ஷூ, தோள்பை, கூடாரம்னு தனிக் கணக்கு. நண்பர்களோட லடாக் போக ஒரு வாட்ஸ்அப் குழுவே ஆரம்பிச்சோம். குளிருக்குப் போடுற ஜாக்கெட் கூட வாங்கியாச்சு. நாகர்கோவில் வெயில்ல அந்த ஜாக்கெட் இன்னும் பீரோவுக்குள்ளதான் தூங்குது. ஒருத்தனுக்கு லீவு கிடைச்சா இன்னொருத்தனுக்கு டூட்டி. குழுவில இப்போ குட்மார்னிங் மட்டும்தான் வருது.

கடைசியில அம்மா வீட்டு விறகுப்புரையில கிடந்த, நான் பிளஸ் டூ படிக்கும்போது ஓட்டின சைக்கிளை எடுத்தேன். டயர், டியூப், பிரேக் கட்டை, செயின் எல்லாம் மாத்த ரெண்டாயிரத்துச் சொச்சம் ஆச்சு.

நான் சொல்ல வர்ற விஷயம் ஒண்ணுதான். வெளியில திரியுற பொழுதுபோக்கு உடம்புக்கு உதவணும்னா அது வீட்டுப் பக்கத்துல இருக்கணும். இது ரசனை விஷயம் இல்ல, உடலியல்.

நம்ம தசை சுருங்கும்போது, இன்சுலின் வந்து கதவைத் தட்டாமலேயே ரத்தத்தில இருக்கற சர்க்கரையை உள்ள இழுத்துக்கும். வேலை முடிஞ்ச பிறகும் அந்தத் தசை இன்சுலின் பேச்சை நல்லாக் கேக்கும். ஆனா எவ்வளவு நேரம்? ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு மூணு நாள். அப்புறம் பழையபடிதான். மே மாசம் கொடைக்கானல்ல நாலு நாள் நடந்தது ஜூன் மாச சுகருக்கு உதவாது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சின்னு சொல்லுது. வருஷத்துக்கு இத்தனைன்னு சொல்லல, கவனிங்க. 2023-ல வெளியான ஐசிஎம்ஆர் இந்தியாப் ஆய்வுப்படி நம்ம நாட்டில 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். பெரியவங்கள்ல 100-க்கு 35 பேருக்கு மேல ரத்த அழுத்தம். இத்தனை பேரையும் லடாக் கூட்டிட்டுப் போக முடியாது.

இதுல ஒரு வேடிக்கை. எண்பதாயிரம் ரூபாய்க்கு விக்கிற மவுண்டன் பைக் எப்படிப் பிறந்ததுன்னு தெரியுமா? 1970-கள்ல அமெரிக்காவில, சான் பிரான்சிஸ்கோ பக்கத்துல மரின் கவுண்டின்னு ஒரு இடம். அங்க உள்ள பசங்க குப்பையில போட வேண்டிய பழைய தடிச் சக்கர சைக்கிள்களைத் தேடி எடுத்து, தங்கள் ஊருக்குப் பின்னால இருந்த டமல்பாய்ஸ் மலைப் பக்கத்து மண் பாதையில உருட்டி விட்டு விளையாடினாங்க. 1976-ல இருந்து 'ரீபேக்'னு ஒரு பந்தயமே நடந்தது. இறக்கத்துல பின் பிரேக்கைப் பிடிச்சுப் பிடிச்சு உள்ள இருக்கற கிரீஸ் புகைஞ்சு போகும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு திரும்ப கிரீஸ் அடைக்கணும், அதனால அந்தப் பேரு. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், டாம் ரிட்சின்னு அந்தக் கூட்டத்து ஆளுங்கதான் பின்னாடி அதுக்குன்னே சட்டகம் செஞ்சு வித்தாங்க. ஆக, பழைய சைக்கிளும் வீட்டுக்குப் பின்னால ஒரு மலையும் சேர்ந்துதான் இந்த விளையாட்டே வந்தது. நம்மகிட்ட ரெண்டும் இருக்கு.

வடசேரி பஸ் ஸ்டாண்டுல நின்னு வடக்கே பாருங்க. மேற்குத் தொடர்ச்சி மலை முடியப் போற இடம், கையெட்டும் தூரம் மாதிரி நிக்கும். தினமும் அதே இடத்துல பஸ்ஸுக்கு நிக்கிறோம், யாரும் தலையைத் தூக்கறதில்ல.

முதல் நாள் நான் போனது பூதப்பாண்டி. போக வர ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். அஞ்சரைக்குக் கிளம்பினேன். புத்தேரி தாண்டினதும் ரெண்டு பக்கமும் வயல், ஆம்பல் பூத்த குளம். இறச்சகுளத்துலயே மூச்சு வாங்கிட்டு. சைக்கிளை நிறுத்தி மைல்கல் மேல உட்கார்ந்திருந்தேன். பால் கேனோட டிவிஎஸ்ஸில வந்த ஒரு பாட்டா நிறுத்தி, "என்ன மக்ளே, வண்டி கேடாயிட்டா?"ன்னு கேட்டார். வண்டி நல்லாத்தான் இருக்கு பாட்டா, கேடானது நான்தான்னு சொன்னேன். அவருக்குப் புரியல. கேன்ல இருந்து பால் தரவான்னு கேட்டுட்டுப் போனார்.

பூதப்பாண்டி போய்ச் சேர்ந்தப்போ தாடகை மலைக்குப் பின்னால இருந்து வெளிச்சம் வந்துக்கிட்டு இருந்தது. மல்லாந்து படுத்த ஒரு பொம்பளை மாதிரி அந்த மலை கிடக்கும். ஜீவா பிறந்த ஊர். முப்பத்து மூணு வருஷம் பக்கத்துலயே இருந்தும் காலைல ஆறு மணிக்கு அந்த மலையை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடையில சாயாவும் ரசவடையும் சாப்பிட்டேன் (பிபிக்கு ரசவடை நல்லதான்னு கேக்காதீங்க).

வாரம் ரெண்டு தடவை இந்த ஒரு வழியைப் போய் வந்தாலே 150 நிமிஷம் முடிஞ்சிடும்.

நாலு மாசம் கழிச்சுத் தோளில பையை மாட்டிட்டு மருந்துவாழ் மலை. கன்னியாகுமரி ரோட்டில, சுசீந்திரம் தாண்டி. ஊருக்குள்ள இருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் வாக்கில வரும். சைக்கிளைக் கீழ பூட்டிட்டு ஏறணும். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிட்டுப் போகும்போது உதிர்ந்த துண்டுன்னு ஊர்ல சொல்வாங்க. நாராயண குரு தவம் இருந்த குகையும் அங்கதான். மேல போனா ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காத்தாடி, நடுவில தென்னையும் வயலும். போற வழியில தேரூர், சுசீந்திரம் குளங்கள்ல பறவை பார்க்க நிறுத்தாம போகாதீங்க. 2022-ல ராம்சார் பட்டியல்ல சேர்த்த ஈரநிலம் அது. உலகம் எங்கிருந்தோ பறந்து வர்ற பறவைக்கு அந்தக் குளம் தெரியுது. நமக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தும் தெரியல.

காத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும், அனுபவிச்சவன் சொல்றேன். ஜூன், ஜூலைல ஆரல்வாய்மொழிப் பக்கம் போகாதீங்க. போனா, போகும்போது காத்து முதுகைத் தள்ளும், நான்தான் ராஜான்னு தோணும். திரும்பும்போது அதே காத்து நெஞ்சில கை வெச்சு நிறுத்தும். தோவாளை வரைக்கும் சைக்கிளை உருட்டிட்டே வந்தேன். பூ மார்க்கெட்டுக்கு வந்த அக்காமார் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதில இருக்கு. எப்பவும் எதிர்க்காத்துல முதல்ல போங்க, காத்தோட வீட்டுக்கு வாங்க.

சாப்பாட்டுக்கு எனர்ஜி பார் எதுவும் வேண்டாம். ரெண்டு மட்டிப்பழம் போதும். நம்ம மட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. சீசன்ல வழியில அக்கானி கிடைக்கும். ஆனா சுகர் உள்ளவங்க ஒரு மடக்கோட நிறுத்துங்க.

இப்போ எனக்குச் சங்கடமான பகுதி.

இதையெல்லாம் நான் வார்டில பெருமையா அளந்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் அதே சிஸ்டர், எனக்கு பிபி பார்த்தவங்க, கேட்டாங்க: "நீங்க அஞ்சரைக்கு சானல்கரை வழியா தனியா போயிட்டு வருவீய சார். நான் போக முடியுமா?" என்கிட்ட பதில் இல்ல. அவங்களுக்கும் பிபி இருக்கு. வயசு என்னைவிட ரெண்டுதான் கூட.

அடுத்த தடவை போகும்போது அந்தக் கேள்வியோட சானல்கரையைப் பார்த்தேன். விளக்கு இல்ல. ராத்திரி குடிச்சவன் உடைச்ச பாட்டில் கிடக்கு. நாய்க்கூட்டம். ரோட்டுக்கு வந்தா எம்சாண்ட் ஏத்தின டாரஸ் லாரி உரசிட்டுப் போகுது, ஒதுங்க ஓரம் கிடையாது. இத்தனை நாள் இதெல்லாம் என் கண்ணுல படவே இல்ல. ஆம்பளையா இருக்கறதுல கிடைக்கற இலவசம் அது. இன்னும் ஒண்ணு. நான் பூதப்பாண்டியில மலை பார்த்துக்கிட்டு நின்ன நேரம், வீட்டில புள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி, டிபன் கட்டினது யாரு? என் ஆரோக்கியத்துக்கு இன்னொருத்தி தூக்கத்தைக் கொடுத்துட்டு இருந்தா.

அரசாங்கம் 2023 நவம்பர்ல எட்டு கிலோமீட்டர் நடைபாதை 'நடப்போம் நலம் பெறுவோம்'னு எல்லா மாவட்டத்துலயும் ஆரம்பிச்சது. நல்ல விஷயம். ஆனா அந்த எட்டு கிலோமீட்டருக்கு வந்து சேர எத்தனை பேரால முடியும்? நாஞ்சில் நாட்டில ஊருக்கு ஊர் குளம், குளத்துக்குக் குளம் கரை, பேச்சிப்பாறைத் தண்ணி வர்ற சானலுக்கு ரெண்டு பக்கமும் பாதை. புதுசா எதுவும் கட்ட வேண்டாம். குப்பையை அள்ளி, நாலு விளக்கு போட்டு, காலையில ஒரு தடவை போலீஸ் வண்டி வந்து போனா போதும். ஒரு ஸ்டென்ட் வைக்கற செலவுக்கு எத்தனை விளக்கு போடலாம்னு கணக்கு போட்டுப் பாருங்க. நான் கேக்கறது சைக்கிள்காரனுக்கான சலுகை இல்ல. முந்திரி ஆலையில நாள் முழுக்கக் குத்தவெச்சு உட்கார்ந்துட்டு, "நடக்கச் சொல்லுதியளே சாரே, நாங்க எங்க நடக்க?"ன்னு ஓபியில கேக்கற அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் அது.

பக்கத்துல இருக்குன்னு காட்டுக்குள்ள நுழைஞ்சிடாதீங்க. கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் யானை நடமாட்டம் உள்ள காடு, சரணாலயம். 2018 மார்ச் 11 குரங்கணி ஞாபகம் இருக்கா? போடி மலையில காட்டுத்தீயில சிக்கி இருபதுக்கும் மேல இளைஞர்கள் போனாங்க. தீக்காயம்னா என்னன்னு வார்டில பார்த்த எங்களுக்கு அந்தச் செய்தியைத் தாண்டி வர ரொம்ப நாள் ஆச்சு. அதுக்கப்புறம்தான் மலையேற்றத்துக்கு விதிகள் கடுமையாச்சு. 2024 அக்டோபர்ல வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளைத் திறந்தது. நம்ம காளிகேசம் – பாலமோர் அதுல ஒண்ணு. ஆன்லைன்ல பதிவு பண்ணா வழிகாட்டியோட போகலாம். காட்டுத்தீ சீசன்ல மூடிடுவாங்க. ரப்பர் தோட்டத்துக்குள்ள குறுக்கே போறதா இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. பால் வெட்டற ஆளுங்க விடியறதுக்கு முன்னமே அங்க இருப்பாங்க.

டாக்டரா சில வார்த்தை. நாற்பது தாண்டினவங்க, சுகர், பிபி, வீட்டில மாரடைப்பு வரலாறு உள்ளவங்க முதல்ல ஒரு ஈசிஜி எடுத்துப் பாருங்க. ஏத்தத்துல நெஞ்சு இறுக்கினாலோ, இடது கை, தாடை வலிச்சாலோ இறங்கி உட்காருங்க, 108 கூப்பிடுங்க. வாயுன்னு சொல்லி சோடா குடிக்காதீங்க. இன்சுலினோ கிளிமிப்பிரைடோ போடறவங்க வெறும் வயித்துல போகாதீங்க, பையில குளுக்கோஸ் இருக்கணும். பாம்பு கடிச்சா கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், அந்தக் காலை அசைக்காம நேரா அரசு ஆஸ்பத்திரி. முக்கியமா இது: மலை, வயல், தோட்டம் போயிட்டு வந்து ஒண்ணு ரெண்டு வாரத்துல காய்ச்சல் வந்தா, "டாக்டரே, நான் இன்ன இடத்துக்குப் போனேன்"னு சொல்லுங்க. எலிக்காய்ச்சலா இருக்கலாம். சிகரெட்டால சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு எங்கயாவது இருந்தா ஸ்க்ரப் டைஃபஸா இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடிச்சா சில ரூபாய் மாத்திரையில தீரும். நீங்க சொல்லலன்னா நாங்க அஞ்சு நாள் வேற எதையாவது தேடிக்கிட்டு இருப்போம். ஹெல்மெட்டும், பின்னால சிவப்பு விளக்கும் இல்லாம இருட்டுல இறங்காதீங்க.

சிஸ்டர் கேள்விக்கு வருவோம். இப்போ ஞாயிற்றுக்கிழமை புத்தேரிப் பக்கம் ஆறு பேர் சேர்ந்து போறோம். மூணு பேர் நர்ஸ், ஒருத்தர் லேப் டெக்னீஷியன், ரெண்டு டாக்டர். சிஸ்டருக்குச் சைக்கிள் வராது, நடப்பாங்க. அவங்க நடைக்கு ஏத்த வேகத்துலதான் மத்தவங்க உருட்டணும்னு விதி. சானல்கரை விளக்குக்கு ஒரு மனு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கோம். பதில் இன்னும் வரல. வந்தா இதே இழையில போடுறேன்.

வீட்டிலயும் முறை போட்டாச்சு. ஒரு ஞாயிறு நான், ஒரு ஞாயிறு அவ. நாளைக்கு அவ முறை, மருந்துவாழ் மலை. நான் போய் இட்லி மாவை எடுத்து வெளியில வைக்கணும்.