வெயில் கொளுத்துற ஊர்லயும் வைட்டமின் டி குறையுமா? மாத்திரை போட்டா நோய் எதிர்ப்பு சக்தி கூடுமா?

விழுப்புரம் மாவட்டம் செஞ்சி அருகே இருக்கும் அனந்தபுரத்தில் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. மல்லாட்டைக் கொல்லையில் வேலை செய்பவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால், வெயில் அடிக்கிற ஊர் என்பதால் மட்டும் உடம்பில் வைட்டமின் டி சேர்ந்துவிடாது. இந்தியாவில் பலருக்கும் இது குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஏன் குறைகிறது?

சூரியனின் புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உருவாகும். அதிகாலை இளம் வெயிலில் இந்தக் கதிர் மிகக் குறைவு. நம்ம நிழல் நம்ம உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அது நன்றாகக் கிடைக்கும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலால் பயனில்லை. கடை, அலுவலகம், வீடு என நிழலிலேயே இருப்பவர்களுக்குக் குறைபாடு வர இதுதான் முக்கியக் காரணம்.

நோய் எதிர்ப்பில் என்ன வேலை?

எலும்புக்கு மட்டுமல்ல, வெள்ளை அணுக்களுக்கும் வைட்டமின் டி தேவை. காசநோய்க் கிருமியைக் கொல்லும் கேத்தலிசிடின் என்ற புரதத்தை உருவாக்க அந்த அணுக்கள் வைட்டமின் டி-யைப் பயன்படுத்துவதை 2006-ல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து இல்லாத காலத்தில் சானடோரியங்களில் காசநோயாளிகளுக்குக் காற்று, வெயில், ஓய்வுதான் வைத்தியம். 1928-ல் தொடங்கிய தாம்பரம் சானடோரியமும் அந்தக் காலத்து மருத்துவமனைதான்.

அப்போ மாத்திரை போதுமா?

போதாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பங்கேற்ற ஆய்வில், 247 காசநோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருந்துடன் அதிக அளவு வைட்டமின் டி தரப்பட்டது. சளியில் கிருமி சீக்கிரம் மறையவில்லை என்று 2015-ல் முடிவு வெளியானது. மங்கோலியாவில் 8,851 குழந்தைகளிடம் நடந்த ஆய்விலும் காசநோய்த் தொற்றை அது தடுக்கவில்லை (2020).

பலன் தந்தது சாப்பாடு. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தினருக்குச் சத்தான உணவுப்பொருள் கொடுத்தபோது, அவர்களுக்குக் காசநோய் வருவது 39% குறைந்தது (2023).

என்ன செய்யலாம்?

• பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 600 யூனிட் என்கிறது ஐ.சி.எம்.ஆர். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 60,000 யூனிட் பாக்கெட்டை டாக்டர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி முதல் சிறுநீரகப் பாதிப்பு வரை வரலாம்.

• முட்டை, மீன் சாப்பிடலாம். முகம், கை, கால் படும்படி சிறிது நேரம் வெயிலில் நிற்கலாம். உச்சி வெயிலில் தோல் எரியும் வரை நிற்க வேண்டாம்.

• இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் வைட்டமின் மாத்திரையைத் தேடாதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. சளிப் பரிசோதனையும் காசநோய் மருந்தும் அங்கே இலவசம். சிகிச்சை முடியும் வரை சத்துணவுக்காக மாதம் ரூ.1,000 மத்திய அரசு உதவித்தொகையும் உண்டு.

குறைபாடு இருந்தால் அதைச் சரிசெய்வது அவசியம். ஆனால், போதுமான அளவு இருப்பவர் கூடுதலாகச் சாப்பிடுவதால் கிருமி பயந்து ஓடிவிடாது.