நீராவியின் கதையில் எண்ணெய் இட்டவர்கள்

கொதிக்கும் கெண்டியின் மூடி துள்ளுவதைச் சிறுவன் ஜேம்ஸ் வாட் உற்று நோக்கினான்; நீராவி எஞ்சின் பிறந்தது. நம்மில் பலர் பள்ளிப் பருவத்தில் கேட்டு வளர்ந்த கதை இது. வாட் பிறப்பதற்கு முன்பே, 1712இல், தாமஸ் நியூகமனின் எஞ்சின் இங்கிலாந்தில் சுரங்கத்து நீரை இறைக்கத் தொடங்கிவிட்டது. 1763-64 குளிர்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் நியூகமன் எஞ்சின் மாதிரி ஒன்றைப் பழுதுபார்க்க நேர்ந்தபோதுதான் வாட்டின் சிந்தனை கிளர்ந்தது. இவையெல்லாம் பின்னாளில் தெரியவந்தாலும் மனத்தில் நிலைப்பது என்னவோ கெண்டிதான். நெருப்பு, ஆவி, ஒரு மேதை ஆகிய மூன்றும் கதைக்குப் போதுமானவையாகிவிடுகின்றன.

அக்கதையில் விடுபட்ட ஒரு பொருளைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம். அது எண்ணெய். ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி ஓடும் இரும்புப் பாகங்களுக்கிடையே இடப்படும் மசகு. நீராவி எஞ்சினின் வரலாற்றை எண்ணெயின் பக்கமிருந்து சொல்லிப் பார்த்தால்தான் அதில் உழைத்த மனிதர்கள் கண்ணுக்குப் புலப்படுவார்கள் என்பது நமது கருத்து.

நியூகமனின் எஞ்சினில் சிலிண்டருக்குள்ளேயே குளிர்ந்த நீரைப் பாய்ச்சி ஆவியை ஒடுக்கினார்கள். உள்ளே வெற்றிடம் உண்டாக, வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளியது. பிஸ்டனின் ஓரத்தில் தோல்; இடுக்கு வழியே காற்று புகாதிருக்க அதன்மேல் ஓர் அடுக்கு நீர். ஒவ்வொரு வீச்சிலும் சிலிண்டர் குளிர்ந்து, மீண்டும் சூடேற வேண்டியிருந்ததால் நிலக்கரி மிகுதியாக வீணாயிற்று. ஆவியை வேறொரு கலத்தில் ஒடுக்கி, சிலிண்டரை எப்போதும் சூடாகவே வைத்திருப்பது வாட் கண்ட தீர்வு. ஆனால் சூடான சிலிண்டரில் நீர் அடுக்கு பயன்படாது. எனவே 1769ஆம் ஆண்டுக் காப்புரிமை ஆவணத்தில், நீருக்கு மாற்றாக எண்ணெய், மெழுகு, பிசின், விலங்குக் கொழுப்பு, பாதரசம் ஆகியவற்றை அவர் பட்டியலிட நேர்ந்தது. நடைமுறையில் நிலைத்தது சணலைச் சுற்றிக் கொழுப்பைத் தடவும் முறை. ஆக, வாட்டின் புகழ்பெற்ற சிக்கனத்துக்கு விலையாக வந்து சேர்ந்தது மசகு. வெப்பத்தைக் காத்தவர் கொழுப்பையும் கூடவே அழைத்துவர வேண்டியதாயிற்று.

*

சுழலும் பாகத்துக்கு எண்ணெய் இடுவதும் சறுக்கும் பாகத்துக்கு எண்ணெய் இடுவதும் ஒன்றே என்று தோன்றலாம். இரண்டுக்கும் இடையில் பெரிய வேறுபாடு உண்டு. 1883இல் பீச்சம் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ரயில் பெட்டிகளின் அச்சுத் தாங்கியை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றதும் துளை வழியே எண்ணெய் மேலேறி வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையை அறைந்தார்; அதுவும் நிற்கவில்லை. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று, ஆப்பைப்போல் இடுக்கில் திணித்து, அந்த எண்ணெயின் அழுத்தத்தின்மீதே மிதக்கிறது என்பது இதனால் விளங்கிற்று. 1886இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குரிய கணிதத்தை வகுத்தளித்தார்.

சறுக்கும் பாகத்துக்கு இந்தப் பேறு முழுமையாக வாய்ப்பதில்லை. பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடுவது. சக்கரம் ஒருமுறை சுழல்வதற்குள் அது இருமுறை நின்று திரும்பியாக வேண்டும். விரைவு ரயிலின் சக்கரம் நொடிக்கு 5 முறை சுழல்கிறது எனக் கொண்டால், அந்த ஒரு நொடியில் பிஸ்டன் 10 முறை நிற்கிறது. நிற்கும் கணத்தில் எண்ணெயை இழுத்துச் செல்ல வேகம் ஏதுமில்லை, மிதப்பு அடங்கிவிடுகிறது. உலோகத்தின் மேனியில் ஒட்டிக்கிடக்கும் மெல்லிய படலம் ஒன்றே அப்போது காவல். அது அறுபட்டால் இரும்பு இரும்பைக் கடிக்கும்.

வெளியே தெரியும் சறுக்கு பாகங்களின் பாடு சற்று எளிது. பிஸ்டன் தண்டின் முனையிலுள்ள கிராஸ்ஹெட் என்னும் பகுதி இரண்டு சட்டங்களுக்கிடையே ஓடும். அச்சட்டங்களின்மேல் ஒரு சிறு எண்ணெய்க் கிண்ணம். அதில் கம்பளி நூலாலான ஒரு திரி. அகல்விளக்கின் திரி சுடருக்காக எண்ணெயை ஏற்றுவதுபோலவே இத்திரியும் எண்ணெயை உறிஞ்சி, கிண்ணத்தின் நடுவிலுள்ள குழாய்வழியே சொட்டுச் சொட்டாக இறக்கிவிடும். இழைகளைக் கூட்டினால் எண்ணெய் கூடும், குறைத்தால் குறையும். எஞ்சின் நெடுநேரம் நிற்குமானால் திரியை வெளியே எடுத்துவிட வேண்டும். மறந்தால் கிண்ணம் காலியாகிவிடும். எத்தனை இழை, எந்தப் பருவத்தில், எந்த எண்ணெய்க்கு என்பதெல்லாம் டிரைவரின் கைக்குத் தெரிந்திருந்த அறிவு.

உள்ளே இருப்பவற்றின் நிலை வேறு. சிலிண்டருக்குள் ஆவியை மாறிமாறி அனுப்பும் சறுக்கு வால்வு தட்டையான ஓர் உலோகப் பரப்பின்மேல் ஓடுவது. அதன் முதுகை நீராவி அழுத்திக்கொண்டே இருக்கும். 20 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் பரப்புள்ள வால்வின்மேல் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தம் என்றால் மொத்தம் 6000 கிலோ. கீழிருந்து வரும் எதிரழுத்தத்தைக் கழித்தாலும் எஞ்சும் சுமை சிறிதன்று. அச்சுமையோடு அது ஓயாமல் தேய வேண்டும். கண்ணால் காண முடியாது. கையால் தொட முடியாது. ஆவி நிறைந்திருக்கும்போது திறக்கவும் முடியாது.

தொடக்கக் காலத்தில் இதற்கு ஒரே வழிதான் இருந்தது. இறக்கத்தில் ஆவியை நிறுத்தி ரயில் தானாக உருளும்போது, ஃபயர்மேன் ஓடும் எஞ்சினின் ஓரப் பலகைமேல் நடந்து சென்று, மூடியைத் திறந்து, உருக்கிய கொழுப்பை உள்ளே ஊற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். அமெரிக்க ரயில்வே வழக்கில் ஃபயர்மேனுக்குக் 'கொழுப்புச் சட்டி' என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒரு தொழிலாளியின் பெயரை அழித்து, அவன் கையிலிருந்த பாத்திரத்தின் பெயரை இட்டுவிட்டது அவ்வழக்கு.

இத்தனை இடர்ப்பாட்டோடு ஊற்றிய கொழுப்பும் முழு நன்மை செய்யவில்லை. நீராவியின் வெப்பத்தில் அது சிதைந்து கொழுப்பு அமிலமாகி, எந்த உலோகத்தைக் காக்க வந்ததோ அதையே அரித்தது. 1859இல் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்ட பின்னரே தாது எண்ணெய் மெல்ல மெல்ல இடம்பிடித்தது. ஆயினும் கொழுப்பு முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஈர ஆவியில் தாது எண்ணெய் மட்டும் உலோகத்தில் ஒட்டாமல் கழுவிச் செல்லப்படும் என்பதால் சிறிது விலங்குக் கொழுப்பைக் கலந்தே சிலிண்டர் எண்ணெயைத் தயாரித்தார்கள்.

*

ஓடும் எஞ்சினின்மேல் மனிதன் நடக்க வேண்டிய தேவையை ஒழிக்கும் முயற்சிகளில் முக்கியமான ஒன்று 1860இல் இங்கிலாந்தில் ஜான் ராம்ஸ்பாட்டம் காப்புரிமை பெற்ற கருவி. மூடிய குவளையில் எண்ணெயை நிரப்பி அதனை நீராவியோடு இணைப்பார்கள். உள்ளே நுழையும் ஆவியில் சிறிதளவு குளிர்ந்து நீர்த்துளியாகும். நீர் எண்ணெயைவிடக் கனமானது. ஆதலால் அடியில் தங்கும். அடியில் நீர் சேரச் சேர, மேலிருக்கும் எண்ணெய் அதே அளவு உயர்ந்து வழிந்து, ஆவியோடு கலந்து உள்ளே போய்ச் சேரும். எஞ்சினின் மூச்சையே எஞ்சினுக்கு எண்ணெய் இடவைத்த எளிமை இது.

இவ்வரிசையில் வருபவர்தான் எலைஜா மெக்காய். அமெரிக்காவின் கென்டக்கியிலிருந்து அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு கனடாவுக்குத் தப்பிச் சென்ற பெற்றோருக்கு 1840களில் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இயந்திரப் பொறியியல் பயின்றார். அமெரிக்காவுக்குத் திரும்பியபோது கறுப்பின மனிதர் ஒருவருக்குப் பொறியாளர் பணி தர எவரும் முன்வரவில்லை. மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் அவருக்குக் கிடைத்தது நிலக்கரி அள்ளிப்போட்டு எண்ணெய் இடும் வேலை. அந்த வேலையைச் செய்துகொண்டே, எஞ்சின் ஓடும்போது தானாக எண்ணெய் இறங்கும் குவளையை வடிவமைத்து, 1872இல் காப்புரிமை பெற்றார். வாழ்நாளில் அவர் பெற்ற காப்புரிமைகள் ஏறத்தாழ 57. பெரும்பாலானவை மசகிடல் பற்றியவை.

அவரைப் பற்றி இன்று உலவும் கதை வேறு. அசலான பொருளைக் குறிக்க ஆங்கிலத்தில் 'ரியல் மெக்காய்' என்றொரு தொடர் உண்டு. மெக்காயின் கருவியை மற்றவர்கள் நகலெடுக்க, 'இது அசல் மெக்காய்தானா?' என்று வாங்குவோர் வினவியதால் அத்தொடர் பிறந்தது என்பார்கள். தன்னம்பிக்கை நூல்களுக்கும் மேடைப் பேச்சுக்கும் மிக ஏற்ற கதை. ஆனால் 1856இலேயே, மெக்காய் சிறுவனாக இருந்தபோதே, 'ரியல் மக்கே' என்ற வடிவம் ஸ்காட்லாந்தில் அச்சேறியிருக்கிறது. தொடரின் பிறப்பைப் பற்றி வேறு விளக்கங்களும் உள்ளன. தானாக எண்ணெயிடும் கருவியை உலகில் முதலில் கண்டவரே மெக்காய்தான் என்ற கூற்றும் ராம்ஸ்பாட்டத்தின் 1860ஆம் ஆண்டுக் காப்புரிமையின் முன் நிற்காது.

இதைச் சொல்வதால் மெக்காயின் பெருமை குறையும் என்று அஞ்சுவோரோடு நாம் உடன்படவில்லை. ஒடுக்கப்பட்டவரின் சாதனைக்கு மிகையான அணிகளைப் பூட்டும்போது, அச்சாதனையை மறுக்கக் காத்திருப்பவனுக்கு நாமே ஒரு பிடியைக் கொடுத்துவிடுகிறோம். அணி கழன்று விழும்போது அவன் ஆளையே இல்லை என்று சொல்லிவிடுவான். அவ்வாறு சொல்லியும் இருக்கிறார்கள். மெக்காய்க்கு இரவல் அணி எதற்கு? பொறியியல் படித்தவனைக் கரி அள்ளவிட்ட ஒரு சமூகத்தில், அந்தக் கரியும் எண்ணெயும் படிந்த கையாலேயே அவ்வேலையின் கொடுமையைக் குறைக்கும் கருவியை வரைந்தார். ஆவி இன்னும் சூடேற்றப்பட்டு, பழைய எண்ணெய்கள் சிலிண்டருக்குள் கருகத் தொடங்கிய காலத்தில், எழுபது வயதைக் கடந்த பின்னும், 1915இல் கிராஃபைட் தூளை எண்ணெயோடு செலுத்தும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். தம் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்க அவருக்கு 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1929இல் மறைந்தார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே சிக்கலை விடாமல் பின்தொடர்ந்த இவ்வாழ்க்கை, ஒரு மரபுத்தொடரின் தோற்றக் கதையைவிட எத்தனையோ மடங்கு பெரியது. கெண்டிக் கதை வாட்டின் உழைப்பை மறைத்ததுபோலவே மரபுத்தொடர்க் கதை மெக்காயின் உழைப்பை மறைக்கிறது.

*

இதில் நமக்கென்ன என்று வாசகர் வினவலாம். கையில் மை படும் தொழிலைத் தாழ்வாகவும் ஏட்டில் மை படும் தொழிலை உயர்வாகவும் கருதும் பழக்கம் நமக்குப் புதிதன்று. வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டியின் அச்சுக்கு மையிட்ட சமூகம் நம்முடையது. இந்திய ரயில்வேக்களில் 19ஆம் நூற்றாண்டில் ஆமணக்கெண்ணெய் மசகாகப் பெருமளவில் பயன்பட்டது. இருந்தும், மையிட்டவர்களின் அறிவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? 'மசகு' என்ற சொல் பட்டறையில் புழங்குகிறது. பாடநூலில் 'உயவு' அமர்ந்திருக்கிறது. இலங்கைத் தமிழ் நாளேடுகளில் 'மசகு எண்ணெய்' என்றால் கச்சா எண்ணெய். சொற்கள் இப்படித் திசைக்கொன்றாக நிற்பது அகராதிக்காரர்களின் குறை மட்டுமன்று. அத்தொழிலைப் பற்றி விரிவாக எழுதும் உரைநடை நம்மிடையே வளர்ந்திருந்தால் சொற்கள் தாமே ஓரிடத்தில் வந்து சேர்ந்திருக்கும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நீலகிரி மலை ரயிலை இன்றும் நீராவி எஞ்சின்களே தள்ளிச் செல்கின்றன. 2005இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது. அவ்வெஞ்சினில் தண்டவாளத்துச் சக்கரங்களுக்கு ஓரிணையும் பற்சக்கரங்களுக்கு ஓரிணையுமாக 4 சிலிண்டர்கள். ஆகவே சறுக்கும் பாகங்களும் இருமடங்கு. பயணிகள் புகைக்கும் பள்ளத்தாக்குக்கும் முன் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். எண்ணெய்க் குப்பியோடு எஞ்சினைச் சுற்றிவருபவரை நோக்கிக் கேமரா திரும்புவது அரிது. எஞ்சினைப் புதிதாகச் செய்துவிட முடியும். பொன்மலைப் பணிமனை செய்தும் காட்டியிருக்கிறது. சத்தத்தைக் கேட்டே எந்தப் பாகம் வறண்டிருக்கிறது என்று சொல்லும் செவியை எந்தப் பணிமனையில் வார்ப்பது?

அச்செவியுடையோர் பலர் ஓய்வுபெற்று, நம் ரயில்வே ஊர்களில் முதுமையில் இருக்கிறார்கள். நாட்டுப்புறப் பாடலையும் வாய்மொழிக் கதையையும் தேடித் தொகுக்க நமது தமிழ்த்துறைகளுக்குத் தெரியும். அதே ஒலிப்பதிவுக் கருவியோடு பொன்மலைக்கும் போகலாம். திரிக்கு எத்தனை இழை வைத்தீர்கள், கோடையில் எந்த எண்ணெய், இறக்கத்தில் எப்போது ஆவியை நிறுத்தினீர்கள் என்று கேட்கலாம். அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொள்ளலாம். முதுகலை மாணவர் ஒருவர் இதனை ஆய்வுத் தலைப்பாகக் கொணர்ந்தால், 'இது இலக்கியமா?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பாமல் இருப்பதே ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடிய முதற்பணி.