பால் மட்டும் போதுமா?

குதிரை ஏறக் கற்க ஆசைப்படுவோர் நம்மில் பலர். தாயை இழந்த குதிரைக்குட்டியை வளர்க்கச் சொன்னால் எத்தனை பேர் முன்வருவோம்?

பிறந்த முதல் நாளிலேயே அதற்குச் சீம்பால் கிடைக்க வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் உண்டு. ஆரம்ப நாட்களில் இரவும் பகலும் ஓரிரு மணிக்கொரு முறை பாலூட்ட வேண்டும். ஆனால் பால் மட்டும் போதாது. எல்லை மீறும் குட்டியைத் தாய்க்குதிரை மெல்லக் கடித்துத் திருத்தும். மனிதர் கையில் வளரும் குட்டிக்கு அக்கண்டிப்புக் கிடைப்பதில்லை. அதனால்தான் சாதுவான வேறொரு குதிரையை அதற்குத் துணையாக விடுகிறார்கள்.

வன்னியம்பட்டியில் எங்கள் வீட்டில், தாயற்ற ஓர் ஆட்டுக்குட்டிக்கு நானே புட்டிப்பால் கொடுத்தேன். அது முட்டியபோதெல்லாம் சிரித்தேன். வளர்ந்தபின் பாட்டியை முட்டித் தள்ளியது. அப்பா அதைச் சந்தையில் விற்றுவிட்டார். குற்றம் அதனுடையதன்று, என்னுடையதே!

முதுமலை தெப்பக்காட்டில் பொம்மனும் பெள்ளியும் வளர்த்த யானைக்குட்டி ரகுவை, 2023-இல் ஆஸ்கார் பரிசு பெற்ற ஆவணப்படத்தால் உலகமே அறியும். வளர்ந்ததும் அவனை வேறு பாகரிடம் விட்டு, அவர்கள் கண்ணீரோடு பிரிந்தார்கள்.

கொஞ்சுவது எளிது. நம் மடியைவிட்டு இறங்கி வாழக் கற்றுக்கொடுப்பதே உண்மையான அன்பு என்பது என் கருத்து.

— பத்தாம் வகுப்பு மாணவி